விட்ட வேலையை மறுபடியும் கையில் எடுக்கலாமா?



உங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கும் கரண்ட் பில்லுக்கும் கீழே ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கும். சிலருக்கு அது சொந்தமாய் எழுதின பாட்டு நோட்டு. சிலருக்குப் பென்சிலால் படம் வரைந்த நோட்டு. சில வீடுகளில் நோட்டு இராது. பரண்மேல் துணி சுற்றின ஆர்மோனியப் பெட்டி இருக்கும். அல்லது பாதியில் நின்றுபோன பூவேலைத் துணி, குத்தின ஊசியோடு அப்படியே மடித்திருக்கும். கேட்டால், "அதெல்லாம் ஒரு காலம் பிரதர், இப்போ எங்கே நேரம்?" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும், கண்ணுக்கு வராது.

இது சின்னக் காரியம்தானே என்று தோன்றும். அரிசி விலைக்கும் பிள்ளைகள் ஃபீஸுக்கும் முன்னால் இது என்ன பெரிய காரியம்? ஆனாலும் இதற்குள்ளே சில நியாயக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு வரத்தை நடுவில் விட்டவன் குற்றவாளியா? அதை மறுபடியும் எடுப்பது கடமையா, சுயநலமா? "தினம் இவ்வளவு செய்வேன்" என்று தனக்குத்தானே தீர்மானம் பண்ணி, பிறகு தவறிப்போனால், அது பொய் சொன்னதற்குச் சமமா? இவைகளைக் கொஞ்சம் நிதானமாய் யோசிப்போம்.

விட்டதெல்லாம் புதைத்தது அல்ல

இந்தப் பேச்சு வந்தவுடனே நமக்கு ஞாபகம் வருவது தாலந்து உவமை. ஒரு தாலந்தை வாங்கினவன் மண்ணைத் தோண்டிப் புதைத்தான். எஜமான் வந்து கணக்குக் கேட்டான். இதைச் சொல்லியே எத்தனையோ பேரைப் பயமுறுத்துகிறோம். "நீ பாடுகிறதை விட்டாய், நீ புதைத்துவிட்டாய்" என்கிறோம். ஆனால் அந்த ஊழியக்காரன் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். என் எஜமான் கடினமான ஆள், அதனால் பயந்துபோனேன் என்கிறான். அவன் புதைத்ததற்குக் காரணம் பயம். வேலை அதிகம் என்றோ, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ அவன் சொல்லவில்லை.

ஒரு தாய் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறதற்காகப் பாட்டு நோட்டை மூடி வைத்தாள் என்றால், அவள் புதைக்கவில்லை. ஒரு கடமைக்காக இறக்கி வைத்தாள். தலையில் சுமை கொண்டு போகிறவர்கள் இளைப்பாறுவதற்காக அந்தக் காலத்தில் வழிநெடுகச் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்தார்கள். அதில் இறக்கி வைத்த சுமையை, வீசி எறிந்த சுமை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, எதற்காக விட்டேன் என்பதுதான். கடமைக்காக விட்டேனா? வியாதியினாலே விட்டேனா? மனச்சாட்சி தடுத்ததா? அல்லது நாலு பேர் சிரிப்பார்களோ என்று பயந்து விட்டேனா? நாலும் ஒன்றல்ல. நாலையும் ஒரே குற்றக் கூண்டில் ஏற்றுவது நியாயமும் அல்ல.

மனச்சாட்சிக்காக விட்டவர் ஒருவரைப் பாருங்கள். இங்கிலாந்தில் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் என்று ஒரு கவிஞர். 1868ஆம் வருஷம் இயேசு சபையில் துறவியாகச் சேருமுன்னே, தான் எழுதின கவிதைகளைத் தீயில் போட்டார். கவிதை தன் அழைப்புக்கு உரியதல்ல, மேலானவர்கள் விரும்பினாலொழிய இனி எழுதுவதில்லை என்று தீர்மானித்தார். ஏழு வருஷம் போயிற்று. 1875 டிசம்பரில் 'டாய்ச்லாந்து' என்ற கப்பல் தேம்ஸ் நதி முகத்துவாரத்துக்கு அருகே மணல்திட்டில் மோதிச் சேதமானது. ஜெர்மனியின் சட்டங்களால் நாட்டை விட்டு வெளியேறின ஐந்து கன்னியாஸ்திரீகள் அதில் மாண்டார்கள். வேல்ஸ் நாட்டில் அவர் படித்துக்கொண்டிருந்த இறையியல் கல்லூரியின் தலைவர், இதைப்பற்றி யாராவது ஒரு கவிதை எழுதினால் நன்றாயிருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாயிருந்தது. ஹாப்கின்ஸ் நீண்ட கவிதை ஒன்றை எழுதினார்.

சபையின் பத்திரிகையோ அதைப் போட மறுத்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1889இல் மரித்தார். அவருடைய கவிதைகள் தொகுப்பாக அச்சில் வந்தது 1918இல். அதாவது, மரித்து 29 வருஷத்துக்குப் பிறகு. அவர் விட்டதும் உண்மையான மனதோடு விட்டதுதான். எடுத்ததும் உண்மையான மனதோடு எடுத்ததுதான். ஒன்று சரியென்றால் மற்றது தவறாயிருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

வியாதியினாலே விட்டவர்

இன்னொருவரை நமக்கு நன்றாய்த் தெரியும்; பெயர்தான் தெரியாது. இம்மானுவேலின் இரத்தம் நிறைந்த ஊற்றைப் பற்றி ஒரு பாட்டைத் தமிழில் பாடுகிறோமே, அதை ஆங்கிலத்தில் எழுதினவர் வில்லியம் கூப்பர். 1731இல் பிறந்தவர். ஓல்னி என்ற சிற்றூரில், முன்பு அடிமைக் கப்பல் மாலுமியாயிருந்து பிறகு போதகரான ஜான் நியூட்டனுக்குப் பக்கத்தில் குடியிருந்தார். இருவரும் எழுதின பாட்டுகள் 1779இல் ஒரே புத்தகமாய் வந்தன. மொத்தம் 348 பாட்டு. அதில் அறுபதுக்கும் மேற்பட்டவை கூப்பருடையவை.

ஆனால் அந்தப் புத்தகம் வருவதற்கு முன்னமே கூப்பரின் பாட்டு நின்றுபோயிருந்தது. 1773இல் அவருக்கு மனநோய் கடுமையாய் வந்தது. அது அவருக்கு முதல் தடவை அல்ல. தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்கிற எண்ணம் அவரை இறுகப் பிடித்தது. அதன்பின் அவர் ஆலயத்துக்குப் போகவே இல்லை. எத்தனையோ பேரைத் தேற்றின பாட்டை எழுதின கை, எழுதாமல் நின்றது. பிரியமானவர்களே, இப்படிப்பட்டவரைப் பார்த்து "விசுவாசம் போதாது" என்று சொல்லி அனுப்பிவிடாதிருங்கள். அது வியாதி. காலொடிந்தவனை ஓடவில்லை என்று கடிந்துகொள்ளுகிறோமா?

அவர் எப்படித் திரும்பி வந்தார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. நேராகப் பேனாவுக்கு வரவில்லை. 1774இல் அக்கம்பக்கத்தார் கொடுத்த மூன்று முயல்களை வளர்க்க ஆரம்பித்தார். அவைகளுக்குக் கூடு செய்யத் தச்சுவேலை செய்தார். தோட்டம் போட்டார், வெள்ளரிக்காய் விளைவித்தார். கொஞ்சநாள் படம் வரைந்து பார்த்தார். கை ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டே இருந்தது. இப்படியே வருஷங்கள் போயின. 1780ஆம் வருஷக் குளிர்காலத்தில், அவரைத் தாய்போல் பராமரித்த மேரி அன்வின் அம்மாள், "இந்தத் தலைப்பில் எழுதிப் பாருங்கள்" என்று ஒரு பொருளைக் கொடுத்தார்கள். எழுதினார். 1782இல் முதல் கவிதைப் புத்தகம் வந்தபோது வயது ஐம்பது. பிறகு இன்னொரு சிநேகிதி விளையாட்டாய், "எதைப் பற்றி எழுதவா? நீங்கள் உட்காரும் சோபாவைப் பற்றி எழுதுங்களேன்" என்றார். சோபாவில் ஆரம்பித்தது ஆறு பாகமாய் வளர்ந்து 1785இல் வெளியாயிற்று. அதுதான் அவருக்குப் பேர் வாங்கித் தந்த நூல்.

இதில் ரெண்டு காரியம் பாருங்கள். திரும்பி வருகிறவனுக்குப் பெரிய தலைப்பு தேவையில்லை, சோபாவே போதும். அடுத்தது, ஹாப்கின்ஸுக்கும் சரி, கூப்பருக்கும் சரி, பக்கத்தில் ஒருவர் ஒரு வார்த்தை சொன்னார்கள். உங்கள் வீட்டில் பாட்டை நிறுத்தின ஒருவருக்கு அந்த ஒரு வார்த்தையை நீங்கள் சொல்லியிருக்கிறீர்களா?

நாளைக்கு நாற்பது வரி

இப்போது இலக்கைப் பற்றிப் பேசுவோம். அந்த நூல் அச்சுக்குப் போகும் நாட்களிலேயே கூப்பர் பெரிய வேலை ஒன்றில் கை வைத்தார். ஹோமரின் இலியத், ஒடிசி ரெண்டையும் கிரேக்கத்திலிருந்து ஆங்கிலக் கவிதையாக்கும் வேலை. மூலத்தில் 27,000 வரிக்கும் மேல்! நம்மைப்போல் ஒருவர் மலைத்துப்போய் உட்கார்ந்துவிடுவார். அவர் தனக்கு வைத்துக்கொண்ட அளவு, ஒரு நாளைக்கு நாற்பது வரி. சுலபமாய் ஓடினால் ஐம்பது. நாற்பதுக்குக் குறைப்பதில்லை. இதை உறவினர் ஒருவருக்குக் கடிதத்திலே எழுதியிருக்கிறார்.

இந்த நாற்பதில் என்ன இருக்கிறது? "நான் பெரிய கவிஞனாவேன்" என்பது இலக்கு அல்ல, அது ஆசை. மற்றவர்கள் வாயிலிருந்து வர வேண்டியது அது. "ஆயிரம் பேர் வாசிக்க வேண்டும்" என்பதும் அப்படியே. இன்றைக்குக் கைப்பேசியில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் தடவிப் பார்க்கிறோமே, அது நம் கையில் இல்லாததை எண்ணுகிற வேலை. நாற்பது வரி என்பதோ அவன் கையில் உள்ளது. உலகம் கை தட்டினாலும் தட்டாவிட்டாலும் நாற்பது எழுதலாம். கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசு சொன்னார் அல்லவா? என் கையில் எத்தனை செங்கல் என்று எண்ணச் சொன்னார். ஊரார் எப்படிப் புகழுவார்கள் என்று எண்ணச் சொல்லவில்லை.

கணக்குப்படி நாளைக்கு நாற்பது என்றால் ஏறக்குறைய எழுநூறு நாளில், ரெண்டு வருஷத்தில், முடிந்திருக்க வேண்டும். முடிந்ததா? இல்லை. 1784 கடைசியில் தொடங்கினது 1791இல்தான் அச்சில் வந்தது. திருத்தித் திருத்தி எழுதினது ஒரு காரணம். இன்னொரு காரணம், 1787இல் அந்தப் பழைய வியாதி திரும்பி வந்து ஏறக்குறைய ஆறு மாதம் அவரைக் கிடத்திவிட்டது. அந்த ஆறு மாதமும் நாற்பது இல்லை, நாலும் இல்லை. எழுந்த பிறகு மறுபடியும் எடுத்தார். தவறாத இலக்கினாலே அந்த நூல் முடியவில்லை. தவறின பிறகும் திரும்பி வந்ததினாலே முடிந்தது.

தீர்மானம் வேறு, பொருத்தனை வேறு

இங்கேதான் அநேகர் இடறிப்போகிறார்கள். வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில் கண்ணீரோடு தீர்மானம் எடுக்கிறோம். புது டைரி வாங்குகிறோம். ஜனவரி முதல் வாரம் பக்கம் நிறைய எழுத்து. பொங்கல் வருமுன்னே டைரி வெள்ளையாய்ப் போகிறது. அப்புறம் என்ன ஆகிறது? "நான் தேவனுக்கு முன்பாகச் சொன்னதை உடைத்துவிட்டேன்" என்கிற குற்ற உணர்வு. அந்தக் குற்ற உணர்வினாலேயே டைரியைத் திறக்கக் கூசுகிறது. ஒரு நாள் தவறினது ஒரு வருஷமாகிறது.

பொருத்தனை என்பது தேவனுக்குச் செய்யும் வாக்கு. அதைச் செய்யாமலே இருந்தால் பாவமில்லை, செய்துவிட்டுச் செலுத்தாமல் இருக்கக்கூடாது என்று நியாயப்பிரமாணமே எச்சரிக்கிறது. யெப்தா அவசரத்தில் வாய் விட்டு என்ன பாடுபட்டான்! ஆகவே "தினமும் ஒரு பக்கம் எழுதுவேன்" என்பதைப் பொருத்தனை ஆக்காதேயுங்கள். அது தீர்மானம். நமக்கு நாமே சொல்லிக்கொள்ளுவது.

அப்படியானால் ஒரு கேள்வி வரும். சகோதரனுக்கு நான் வாக்குக் கொடுத்தால், அவன் விட்டால்தான் எனக்கு விடுதலை. எனக்கு நானே கொடுத்த வாக்கில் கடன் கொடுத்தவனும் நான், வாங்கினவனும் நான். எப்போது வேண்டுமானாலும் "சரி, தள்ளுபடி" என்று எழுதிவிடலாமே? அப்புறம் அதற்கு என்ன கட்டு இருக்கிறது?

நல்ல கேள்விதான். யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெளிந்த மனதோடு உட்கார்ந்து, "காலையில் அரைமணி நேரம் ஆர்மோனியம் பழகுவேன்" என்று எழுதினவன் ஒருவன். திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் போர்வைக்குள் இருந்து, "இன்னைக்கு வேணாம், விடு" என்கிறவன் ஒருவன். ரெண்டு பேரும் ஒரே ஆள்தான். ஆனால் தெளிந்தவன் எழுதின சீட்டைக் கிழிக்க, தூக்கத்தில் இருப்பவனுக்கு அதிகாரம் இல்லை. மாற்ற வேண்டுமானால், மறுபடியும் தெளிவாயிருக்கும் நேரத்தில் உட்கார்ந்து மாற்றலாம். அரைமணி அதிகம் என்று தெரிந்தால் கால்மணி ஆக்கலாம், வெட்கமில்லை. ஆனால் போர்வைக்குள்ளே தீர்ப்பு எழுதக்கூடாது. என் மனதுக்குப்பட்டவரையில், தீர்மானத்தின் கட்டு இவ்வளவுதான், இவ்வளவு போதும்.

எழுப்புதல் சரித்திரத்தில் நாம் கேள்விப்பட்ட ஜோனத்தான் எட்வர்ட்ஸ், அமெரிக்காவில் வாலிபனாயிருக்கும்போது, 1722, 1723ஆம் வருஷங்களில் தனக்கென்று 70 தீர்மானங்கள் எழுதி வைத்தார். தேவனுடைய உதவி இல்லாமல் தன்னால் ஒன்றும் முடியாது என்று தலைப்பிலேயே எழுதினார். வாரத்துக்கு ஒருதரம் அவைகளை வாசிக்க வேண்டும் என்றும் குறித்துக்கொண்டார். இதில் என் மனதைத் தொடுவது மூன்றாவது தீர்மானம். தான் மந்தமாகி இந்தத் தீர்மானங்களில் எதையாவது விட்டுவிட்டால், புத்தி தெளிந்து திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையே ஒரு தீர்மானமாய் எழுதியிருக்கிறார். விழுவதற்கு முன்னாலேயே எழுவதற்கு இடம் வைத்தார். எழுபது எழுதினவர் இதை எழுபதாவதாய் வைக்கவில்லை, மூன்றாவதாய் வைத்தார்.

யாருடைய நேரம்?

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நியாயமாயிராது. "என் வரத்தை எழுப்பிவிடுகிறேன்" என்று வீட்டுத் தலைவர் கதவைச் சாத்திக்கொண்டு கீபோர்டு வாசிப்பார். வெளியே பிள்ளைக்குப் பாடம் சொல்லுவது யார்? தண்ணீர் பிடிப்பது யார்? அந்த ஒருமணி நேரம் வானத்திலிருந்து விழவில்லை. அது மனைவியின் கையிலிருந்து வந்தது. அவளுக்கும் பீரோவில் ஒரு நோட்டு உண்டே! ஆகவே ஐயா, நீங்கள் ஒரு மணிநேரம் எடுத்தால், அவளுக்கும் ஒரு மணிநேரம் கொடுங்கள். அப்போது அது சுயநலம் ஆகாது. அம்மா, உங்களுக்கும் சொல்லுகிறேன்: எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு மிஞ்சுகிற நேரத்துக்காகக் காத்திருக்காதேயுங்கள். அது மிஞ்சவே மிஞ்சாது. கேட்டு வாங்குங்கள்.

காசு வராத வேலைக்கு ஏன் இவ்வளவு பிரயாசம் என்பீர்கள். ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காகப் பெசலெயேலைக் கர்த்தர் ஆவியினால் நிரப்பினது பிரசங்கம் பண்ண அல்ல. பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் கைவேலை செய்ய. கைவேலைக்குத் தேவன் கொடுக்கும் மதிப்பை நாம் ஏன் குறைக்க வேண்டும்?

அதே சமயத்தில் கைவேலையை இரட்சகர் ஆக்கிவிடவும் வேண்டாம். கூப்பருக்குக் கவிதை முழுச் சுகம் தரவில்லை. 1796இல் மேரி அன்வின் அம்மாள் இறந்த பிறகு இருள் இன்னும் அதிகமாயிற்று; 1800இல் அப்படியே மரித்தார். ஆனாலும் நடுவில் எத்தனை காலைகளில் அந்த நாற்பது வரி அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பியிருக்கும்! அதுவும் கிருபைதான்.

இந்த வாரம் என்ன செய்யலாம்?

முதலாவது, நோட்டை வெளியே எடுங்கள். பழைய பக்கங்களைப் பார்த்து, "அப்போ எப்படி எழுதினேன், இப்போ விரல் வரலையே" என்று கலங்காதேயுங்கள். இருபது வயதில் விட்ட இடத்தில் போய் நாற்பத்தைந்து வயதில் நிற்க முடியாது. புதிதாய்ப் படிக்கிற பிள்ளைபோல் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறங்கள்.

இரண்டாவது, உங்கள் நாற்பது என்ன என்று எழுதுங்கள். நாற்பது வரி வேண்டாம், நாலு வரி. ஒரு சரணம். ஒரு பூ. கால்மணி நேரம். உங்கள் கைக்குள் அடங்குகிறதாய் இருக்கட்டும்.

மூன்றாவது, வாரத்தில் ஒரு நாள், தெளிவான நேரத்தில், அதை எடுத்து வாசியுங்கள். கூட்டவோ குறைக்கவோ அன்றைக்கு மாத்திரம் செய்யுங்கள்.

நாலாவது, தவறின நாட்களைப் பாக்கியாய்ச் சேர்க்காதேயுங்கள். பத்து நாள் தவறினால் பதினோராம் நாள் நாற்பதாமே தவிர, நானூற்று நாற்பது அல்ல. மன்னா அன்றன்றைக்குத்தான் விழுந்தது. வட்டி போட்டுக் கணக்குக் கேட்கும் குரல் நல்ல எஜமானுடைய குரல் அல்ல. எஜமான் கடினமான ஆள் என்று நினைத்துத்தானே அந்த மனுஷன் குழி தோண்டினான்?

சகோதரனே, சகோதரியே, பரண்மேல் ஏறி அந்தப் பெட்டியை இறக்குங்கள். தூசியைத் தட்டுங்கள். துருத்தி கிழிந்திருந்தால் ஒட்டக் கொடுங்கள். ரெண்டு கட்டை ஊமையாய்ப் போயிருக்கலாம். மீதிக் கட்டைகளில் வாசியுங்கள். கேட்டுக்கொண்டிருக்கிறவர் கட்டைகளை எண்ணுகிறவர் அல்ல. ஆமென்.